வெங்காய வாசத்துக்கு விழிக்கும் பங்கசு

ஒஸ்லோவில் பார்சல் தோட்டம் வைத்திருக்கும் எங்களுக்கு வெங்காயம் இல்லாத பாத்தி பாத்தியே அல்ல. அந்த ஆசையிலேதான் வெள்ளையழுகல் நோய் நுழைகிறது. யூலையில் தாள் மஞ்சளாகும். இழுத்தால் கிழங்கு கையோடு வரும். அடியில் பஞ்சு போன்ற பூஞ்சணமும், அதில் கசகசா அளவில் கறுத்த மணிகளும் இருக்கும். ஸ்க்ளெரோட்டியம் செபிவோரம் என்ற பங்கசின் உறங்கும் மணிகள் அவை. இருபது வருடம்கூட மண்ணில் காத்திருக்கும்.

ஊரில் நாங்கள் இதைக் கண்டதில்லை. சூடான மண் அதற்கு ஆகாது. 10 முதல் 20 பாகை வரையான குளிர்ந்த மண்தான் வேண்டும். ஒஸ்லோவின் கோடை அதற்கு அளந்து வைத்தது போல.

மணிகள் எப்போது முளைக்கும்? வெங்காயம், உள்ளி, லீக்ஸ் வேர்கள் கந்தகச் சேர்மங்களைக் கசியவிடும். மண் பக்ரீரியாக்கள் அவற்றை ஆவியாகும் வாசப்பொருட்களாக மாற்றும். அந்த வாசம் பட்டால்தான் மணி விழிக்கும். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கோலி-ஸ்மித் 1960களில் இதை ஆராய்ந்தார். பிறகு வந்தது ஒரு தந்திரம்: வெங்காயமே இல்லாத மண்ணுக்கு வாசத்தை மட்டும் கொடுப்பது. டயலைல் டைசல்பைட் என்ற உள்ளி வாசப்பொருளைச் செலுத்தினால் மணிகள் முளைத்து, உண்ண வேர் இல்லாமல் செத்துப்போகும். வயல் பரிசோதனைகளில் உள்ளிப்பொடியும் வேலை செய்திருக்கிறது.

களை விதைகளிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் சோளத்தையும் கரும்பையும் உறிஞ்சும் சுடுமல்லியின் தூசு போன்ற விதை, பயிர் வேரின் கசிவு வரும்வரை உறங்கும். அதை எழுப்பும் ஸ்ட்ரிகோல் 1966இல் பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பருத்தியைச் சுடுமல்லி உண்ணாது என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவின் கரோலைனா மாநிலங்களில் 1956இல் இக்களை கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் மண்ணுக்குள் எதிலீன் வாயுவைச் செலுத்தி விதைகளை வீணாக முளைக்க வைத்தார்கள்.

எங்கள் பாத்திக்கு நோய் வந்தது நண்பர் அன்போடு தந்த நாற்று வெங்காயத்தில். கணக்காளர் புத்திக்குச் செலவு மட்டுமே தெரிந்தது. மண் போனது பிறகுதான் விளங்கியது.

உள்ளித் தந்திரம் செய்ய விரும்பினால், மண் குளிர்ந்திருக்கும்போது செய்து, அந்த வருடம் வெங்காயக் குடும்பத்தில் எதையும் நடாதீர்கள். எல்லா மணியும் சாகாது. கிலோ மண்ணில் ஓரிரண்டு மிஞ்சினாலும் நோய் திரும்பும். அழுகிய கிழங்கைக் கொம்போஸ்ற்றில் போடவேண்டாம். அடுத்தவர் பாத்திக்குப் போகுமுன் சப்பாத்தையும் மண்வெட்டியையும் கழுவுங்கள்.