தன் பெயர் சொல்லும் அட்டை: பிசி கார்டு டிரைவர் பிறந்த கதை

1980களின் கடைசியில் மேசைக் கணினிக்கு ஒரு மோடமோ நெட்வொர்க் கார்டோ சேர்ப்பது பொறுமை கேட்கும் வேலை. மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியின் திருகுகளைக் கழற்றி, கையேட்டைப் பார்த்து கார்டின் ஜம்பர்களை இடம் மாற்றி, செருகி, மூடி, மறுபடி இயக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் இன்னொரு கார்டுடன் மோதினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். லேப்டாப்புக்கு இந்த வழியும் இல்லை. பெரும்பாலானவற்றின் உள்ளே அத்தகைய கார்டு செருக இடமே கிடையாது. பல நிறுவனங்கள் தங்கள் மாடலுக்கு மட்டும் பொருந்துகிற மோடத்தைச் செய்து விற்றன. லேப்டாப்பை மாற்றினால் மோடத்தையும் மாற்ற வேண்டியதுதான்.

இந்த நெருக்கடியைத் தீர்த்தது, லேப்டாப்பின் ஸ்லாட்டில் வெளியிலிருந்தே செருகும் அட்டையான பிசி கார்டு. அதன் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அட்டையைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் கடினமாகப் பிறந்தது அட்டை அல்ல, அதை இயக்கும் மென்பொருள்தான். அந்த மென்பொருள் ஒரே நாளில் முழுசாக வந்துவிடவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக, தேவை முளைக்க முளைக்கச் சேர்ந்தது. பழைய லேப்டாப் ஒன்றில் பிசி கார்டு வேலை செய்யாமல் திணறுகிறவருக்கு இந்தப் பிறப்பு வரிசை தெரிந்திருப்பது பெரிய துணை. ஏனென்றால் பழுது பார்க்க வேண்டிய வரிசையும் அதுவே.

முதல் அடி ஜப்பானில் விழுந்தது. அந்நாட்டு மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கமான ஜெய்டா 1985இல் நினைவக அட்டைகளுக்குப் பொதுத் தரம் வகுக்கும் வேலையைத் தொடங்கியது. அமெரிக்காவில் 1989இல் பிசிஎம்சிஐஏ என்ற தொழிற் கூட்டமைப்பு உருவாகி அதனுடன் கைகோத்தது. இரண்டு சிறிய பேட்டரிக் கட்டைகளில் ஓடும் போக்கெட் பிசி போன்ற கையடக்கக் கணினிகள் அப்போது வந்துகொண்டிருந்தன. ஹார்ட் டிஸ்க்கின் எடையையும் மின்சாரப் பசியையும் அவற்றால் தாங்க முடியாது. எனவே வட்டுக்குப் பதிலாக நினைவக அட்டை வேண்டும். அந்த அட்டை எந்த நிறுவனத்தின் கருவியிலும் பொருந்த வேண்டும்.

1990இல் முதல் தரம் வெளியானது. அட்டையின் நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் 54 மில்லிமீட்டர்: கடன் அட்டையின் அளவு. ஸ்லாட்டுக்குள் 68 ஊசிகள். அவை எல்லாம் ஒரே நீளம் இல்லை என்பதில்தான் வடிவமைத்தவர்களின் நுட்பம் இருக்கிறது. மின்சாரம் தரும் ஊசிகள் நீளமானவை, முதலில் தொடும். தகவல் ஊசிகள் அடுத்துத் தொடும். அட்டை வந்திருப்பதைச் சொல்லும் இரண்டு ஊசிகள் மிகக் குட்டையானவை. வரிசையின் இரு ஓரங்களுக்கு அருகில், பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும். இரண்டும் தொட்டால்தான் அட்டை நேராக, முழுவதும் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகலாம், உருவலாம் என்ற சுதந்திரம் இந்த நீள வேறுபாட்டிலிருந்து வந்தது.

அதைவிட முக்கியமான இன்னொன்றும் அந்த முதல் தரத்திலேயே இருந்தது. ஒவ்வொரு அட்டையும் தன்னைப் பற்றிய விவரங்களைத் தன்னுள்ளேயே எழுதி வைத்திருக்க வேண்டும் என்ற விதி. வழக்கமான நினைவகத்திலிருந்து தனித்த ஒரு பகுதியில், சிறு சிறு பதிவுகளாக இந்த விவரம் இருக்கும். பதிவின் முதல் பைட் அது எந்த வகை என்று சொல்லும். இரண்டாவது பைட் அடுத்த பதிவுக்கு எவ்வளவு தூரம் என்று சொல்லும். தயாரித்தவர் பெயர், மாடல், அட்டை செய்யும் வேலை, அதற்கு என்னென்ன தேவை எல்லாம் அதில் அடங்கும். சிஐஎஸ் என்று அழைக்கப்படும் இந்தக் குறிப்பேடு, ஜம்பர்களை நகர்த்தும் விரல்களுக்கு ஓய்வு கொடுத்தது. மனிதர் கையேட்டைப் படித்து அமைப்பதற்குப் பதிலாக, மென்பொருள் அட்டையைப் படித்து அமைக்க வேண்டும். டிரைவரின் பிறப்புக்கு விதை போட்டது இந்த ஏற்பாடுதான்.

1991இல் வந்த இரண்டாம் தரம் மோடம், நெட்வொர்க் கார்டு போன்றவற்றுக்கும் கதவைத் திறந்தது. அதில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. 16 பிட் அட்டை எதுவானாலும் செருகிய நொடியில் நினைவக அட்டையாகவே நடந்துகொள்ளும். மென்பொருள் அதன் குறிப்பேட்டைப் படித்து, ஒத்துவரும் அமைப்பைத் தேர்ந்து, அட்டையின் பதிவகம் ஒன்றில் அந்த எண்ணை எழுதிய பிறகே அது மோடமாகவோ நெட்வொர்க் கார்டாகவோ உருமாறும். டிரைவர் ஓடாத கணினியில் விலை உயர்ந்த மோடம் கார்டும் சும்மா கிடப்பது இதனால்தான்.

உருமாறும் அட்டைக்கு ஒரு முகவரி வேண்டும். கணினியின் கவனத்தை இழுக்க ஐஆர்க்யூ எனப்படும் குறுக்கீட்டுத் தடம் ஒன்றும் வேண்டும். அன்றைய பிசியில் இருந்தவை மொத்தம் 16 தடங்கள். விசைப்பலகை, கடிகாரம், ஹார்ட் டிஸ்க், பிளாப்பி, சீரியல் போர்ட், பிரிண்டர், ஒலிக் கார்டு என்று பெரும்பாலானவை ஏற்கனவே பட்டா போடப்பட்டவை. மிச்சம் இருப்பதைத்தான், எப்போது வரும் எப்போது போகும் என்றே தெரியாத அட்டைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இதற்காக இரண்டு அடுக்கு மென்பொருள் வகுக்கப்பட்டது. கீழே சாக்கெட் சர்வீசஸ். ஸ்லாட்டை ஆளும் சிப்பு இன்டெல்லுடையதா, சிரஸ் லாஜிக்குடையதா, ரிக்கோவுடையதா என்ற வேறுபாடுகளை அது தன்னோடு வைத்துக்கொள்ளும். அதன் மேல் கார்டு சர்வீசஸ். ஏரித் தண்ணீரை முறை வைத்து வயலுக்கு வயல் திறந்துவிடும் நீர்க்கட்டியைப் போல, முகவரிகளையும் தடங்களையும் பங்கிட்டுக் கொடுப்பதும், அட்டை போனதும் திரும்ப வாங்கிக்கொள்வதும் அதன் பொறுப்பு. இவை இரண்டுக்கும் மேலேதான் நாம் டிரைவர் என்று சொல்லும் பகுதி உட்கார்ந்தது. அது தானாக எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்டு வாங்க வேண்டும்.

திட்டம் நேர்த்தியானது. டாஸ் இயங்குதளத்தில் அதை நடத்திக் காட்டுவதுதான் பாடாக இருந்தது. சிஸ்டம்சாஃப்ட், ஃபீனிக்ஸ், அவார்ட் போன்ற நிறுவனங்கள் இந்த அடுக்குகளைத் தனித்தனி நிரல்களாகத் தந்தன. கணினி தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் அவற்றைச் சரியான வரிசையில் எழுத வேண்டும். வரிசை மாறினால் மேல் அடுக்கு கீழ் அடுக்கைத் தேடிக் காணாமல் நின்றுவிடும். எல்லாம் ஏறிய பிறகு, 640 கிலோபைட் அடிப்படை நினைவகத்தில் ஒரு நல்ல பங்கு கரைந்திருக்கும்.

அந்தக் காலத்தில் பலரின் தூக்கத்தைக் கெடுத்த பழுது ஒன்று உண்டு. அட்டையின் குறிப்பேட்டைப் படிக்க 640 கிலோபைட்டுக்கு மேலே ஒரு சின்ன நினைவகச் சாளரம் வேண்டும். இஎம்எம்386 என்ற நினைவக மேலாளரும் அதே பகுதியைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும். இரண்டும் மோதினால் குறிப்பேடு படிக்கும் இடத்தில் குப்பை வரும். நல்ல அட்டையை அடையாளம் தெரியாத அட்டை என்று கணினி சொல்லும். அட்டையை மாற்றியும் டிரைவரைத் திரும்பப் போட்டும் பயன் இருக்காது. இஎம்எம்386 வரியில் அந்த முகவரிப் பகுதியைத் தொடாதே என்று ஒரு விலக்கு எழுதினால் போதும், அட்டை பேசத் தொடங்கிவிடும்.

நினைவகத்தை மிச்சப்படுத்த என்னேப்ளர் என்ற குறுக்கு வழியும் வந்தது. சிறிய நிரல்; ஒரே ஒரு அட்டையை நேரடியாக எழுப்பிவிடும். ஆனால் அது நீர்க்கட்டியைக் கேட்காமல் மடையைத் திறக்கிற வேலை. கார்டு சர்வீசஸ் ஓடும் கணினியில் அதையும் சேர்த்து ஏற்றினால் இரண்டும் ஸ்லாட்டைப் பிடித்து இழுக்கும். அட்டையை நடுவில் எடுத்துவிட்டு மறுபடி செருகினாலும் என்னேப்ளருக்குத் தெரியாது.

1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 இந்த அடுக்குகளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் பிசி கார்டு என்ற படக்குறி வந்தது. அதை முதன்முறை திறக்கும்போது, கான்ஃபிக்.சிஸ் கோப்பில் இருக்கும் பழைய டாஸ் வரிகளைச் செயலிழக்கச் செய்துவிட்டுத் தன் சொந்த அடுக்குகளை ஓடவிடும். இந்தப் படி நடக்காமல் பழைய வரிகள் மிஞ்சிவிட்ட கணினிகளில் அட்டை பாதி உயிரோடு இருக்கும். அட்டையின் குறிப்பேட்டில் உள்ள நிறுவனப் பெயர், மாடல் பெயர் ஆகியவற்றோடு ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து விண்டோஸ் ஓர் அடையாளச் சரத்தை உண்டாக்கும். டிரைவர் பிளாப்பியில் இருக்கும் ஐஎன்எஃப் கோப்பில் அதே சரம் இருந்தால்தான் டிரைவர் ஏறும். ஓர் எழுத்து மாறினாலும் பொருந்தாது. அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் என்டி 4.0இல் இந்த வசதி முழுமையாக இல்லை. அங்கே கணினி ஓடும்போதே அட்டையைச் செருகி உருவ, வேறு நிறுவனத்தின் மென்பொருளைத் தனியாக வாங்கிப் போட வேண்டியிருந்தது. விண்டோஸ் 2000 வந்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது.

அதே 1995இல் தரமும் பெரிதாக மாறியது. 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ் வேகம், 3.3 வோல்ட் என்று கார்டுபஸ் வந்தது. வெளித்தோற்றம் ஏறக்குறைய அதேதான். உள்ளே அது பிசிஐ கார்டு. குறிப்பேட்டில் பெயரைத் தேடுவதற்குப் பதிலாக, தயாரிப்பாளர் எண், சாதன எண் என்ற இரண்டு எண்களால் அதை அறிய முடிந்தது. கார்டுபஸ் அட்டையின் முனையில், மேடுகள் கொண்ட பொன்னிற உலோகப் பட்டை இருக்கும். பழைய ஸ்லாட்டுக்குள் அது நுழையாது. விண்டோஸ் 95இன் முதல் பதிப்புக்கு கார்டுபஸ் தெரியாது. 1996இல் வந்த ஓஎஸ்ஆர்2 பதிப்புக்குத் தெரியும். தோஷிபா லேப்டாப்கள் சிலவற்றின் பயாஸில் ஸ்லாட் பழைய முறையில் நடக்கட்டுமா, கார்டுபஸ் முறையில் நடக்கட்டுமா என்று தேர்ந்தெடுக்க ஓர் அமைப்பு உண்டு. அது தவறாக இருந்தால் டிரைவரை எத்தனை முறை போட்டாலும் பலன் இல்லை.

லினக்ஸ் பக்கத்தில் இந்த அடுக்குகளை முழுவதும் எழுதி, 1990கள் நெடுகப் பராமரித்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் ஹைண்ட்ஸ். அவருடைய தொகுப்பில் அட்டையைச் செருகினால் கணினி ஒலி எழுப்பும். இரண்டு உயர்ந்த ஒலிகள் என்றால் அட்டை அடையாளம் தெரிந்தது, அமைக்கவும் பட்டது. ஓர் உயர்ந்த ஒலியும் அதையடுத்து ஒரு தாழ்ந்த ஒலியும் என்றால் அடையாளம் தெரிந்தது, அமைக்க முடியவில்லை. ஒரே ஒரு தாழ்ந்த ஒலி என்றால் அடையாளமே தெரியவில்லை. பழுது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைத் திரையைப் பார்க்காமலே சொல்லிவிடும் இந்த ஏற்பாட்டை நான் மிக மதிக்கிறேன். பயன்படுத்துகிறவரின் நேரத்துக்கு மரியாதை கொடுத்த பொறியியல் அது.

1999க்குப் பிறகு வைஃபை அட்டைகள் வந்தன. லூசென்ட்டின் ஓரினோகோ போன்றவை பிசி கார்டுக்கு இரண்டாம் வாழ்வு கொடுத்தன. கூடவே புதுக் குழப்பமும் வந்தது. ஒரே பெயரில் விற்ற அட்டைகளுக்குள் வேறு வேறு சிப்புகள் இருந்தன. டிலிங்க்கின் டிடபிள்யூஎல் 650 ஒரு சிப்பில் ஓடியது. பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி சேர்ந்த 650 பிளஸ் வேறு சிப்பில், கார்டுபஸ் அட்டையாக வந்தது. ஒன்றின் டிரைவர் மற்றதற்கு உதவாது. அட்டையின் மேல் அச்சிட்ட பெயரைவிட அதன் உள்ளே எழுதியிருக்கும் அடையாளமே உண்மை.

எனவே பழைய லேப்டாப்போடு உட்காருகிறவர் பிறந்த வரிசையிலேயே போகட்டும். முதலில் ஸ்லாட்: ஊசி வளைந்திருக்கிறதா, அட்டை அந்த ஸ்லாட்டுக்கு ஏற்றதா? அடுத்து ஸ்லாட்டை ஆளும் சிப்பு: பயாஸ் அமைப்பு சரியா, டிவைஸ் மேனேஜரில் அந்தச் சிப்பு பழுதில்லாமல் தெரிகிறதா? மூன்றாவது அடையாளம்: அட்டையின் பெயரோ எண்ணோ படிக்க வருகிறதா, நினைவகச் சாளரம் வேறு எதனுடனாவது மோதுகிறதா? நான்காவது பங்கீடு: காலியான தடம் இருக்கிறதா? இல்லையென்றால் பயன்படாத சீரியல் போர்ட்டையோ இன்ஃப்ராரெட்டையோ பயாஸில் நிறுத்தினால் ஒன்று கிடைக்கும். இவை எல்லாம் சரியான பிறகே டிரைவர். பெரும்பாலானவர்கள் இந்த ஐந்தாவது படியிலேயே தொடங்கி, அதையே திரும்பத் திரும்பச் செய்து ஓய்ந்துபோகிறார்கள். டிரைவர் ஏறியும் வைஃபை இணையவில்லை என்றால் அது வேறு கதை: பழைய அட்டைகள் பலவற்றுக்கு டபிள்யூஇபி என்ற பழைய பூட்டு மட்டுமே தெரியும், இன்றைய பூட்டு தெரியாது.

பிசி கார்டின் இடத்தைப் பிடிக்க 2003இல் எக்ஸ்பிரஸ்கார்டு அறிவிக்கப்பட்டது. பிசிஎம்சிஐஏ 2009இல் கலைந்து, அதன் பொறுப்புகள் யூஎஸ்பி தரத்தைக் கவனிக்கும் அமைப்பிடம் போயின. அட்டைகள் செய்த மெகாஹெர்ட்ஸ் என்ற நிறுவனத்தை யூஎஸ் ரோபாட்டிக்ஸ் வாங்க, யூஎஸ் ரோபாட்டிக்ஸை 3காம் சேர்த்துக்கொண்டது. ஜிர்காம் என்ற இன்னொரு நிறுவனத்தை இன்டெல் வாங்கியது. அட்டைகளைச் செய்தவர்களின் பெயர்கள் இப்படி மறைந்தபோது அவர்களுடைய டிரைவர் கோப்புகளும் சிதறின. பழைய அட்டை இன்றும் செருகிய உடனே தன் பெயரைச் சரியாகச் சொல்லும். அந்தப் பெயரை அறிந்த கோப்பு நம்மிடம் இருக்க வேண்டும். பழைய கருவியை இயக்கவோ பழைய வட்டிலிருந்து தகவல் எடுக்கவோ இந்த லேப்டாப்களை இன்னும் வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, டிரைவர் பிளாப்பியை முழுப் பிரதி எடுத்து, அட்டையின் அடையாளச் சரத்தோடு சேர்த்துக் குறித்து வைப்பதுதான். பிளாப்பி கெட்டுப்போன பிறகு அதை எழுதித் தர அந்த நிறுவனங்கள் இல்லை.