கச்சானும் கரை மணலும்

இலங்கையில், கொட்டியார்க் குடாவின் தென்கரையிலுள்ள கட்டைபறிச்சானில் தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று சுடச்சுட வீசும். களப்போரக் கண்டல்கள் சேற்றைப் பிடித்துவைக்கின்றன. கிழக்குக் கரையின் மணல்மேடுகளில் அடம்பன்கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைக் கட்டுகிறது. இராவணன்மீசைப் புல்லில் மோதும் காற்று வேகமிழந்து, சுமந்துவந்த மணலை அங்கேயே கொட்டிவிடும். மேடு வளர்வதே இப்படித்தான்.

பச்சைப் போர்வை இல்லாத மணல் எங்கு வேண்டுமானாலும் போகும். வடமராட்சியில் மணற்காடு என்ற ஊரில் பழைய அந்தோனியார் கோயில் மணலில் புதைந்து, இன்று வெறும் சுவர்களாக நிற்கிறது. அங்கே பிற்காலத்தில் சவுக்கு நட்டார்கள்.

இந்தியாவில் பாலை மணலைக் கட்டும் வேலை ஜோத்பூரில் 1952இல் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி, 1959இல் மத்திய வறள்மண்டல ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. முதலில் மேட்டின்மேல் உள்ளூர்ச் சுள்ளிகளை வரிசையாகப் புதைத்துக் காற்றைத் தணிப்பார்கள். பிறகே கன்றுகளும் புல்லும்.