இந்தியாவில் கஞ்சாச் சட்டம்

இந்தியாவில் கஞ்சாச் சட்டம் என்பது கஞ்சாச் செடியைப் பயிரிடுதல், அதன் பகுதிகளை வைத்திருத்தல், விற்றல், கொண்டு செல்லல், உட்கொள்ளல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் நடுவண், மாநிலச் சட்டங்களைக் குறிக்கும். இவற்றுள் முதன்மையானது 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் ஆகும். இது அதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு என்.டி.பி.எஸ். சட்டம் என்றே நீதிமன்றங்களிலும் செய்தித்தாள்களிலும் வழங்குகின்றது. இந்தியாவில் கஞ்சா முற்றிலும் தடை செய்யப்பட்டது என்று பலரும் கருதுகின்றனர். இக்கருத்து பாதிதான் சரி. ஒரே செடியின் பூவுக்கு ஒரு சட்டமும் இலைக்கு வேறொரு சட்டமும் பொருந்துகின்றன. விதையும் நாரும் இன்னொரு விதிக்குள் வருகின்றன.

2018 இல் எடுக்கப்பட்டு 2019 இல் வெளியான நடுவண் அரசின் நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 3.1 கோடிப் பேர், அதாவது 2.8 விழுக்காட்டினர், அதற்கு முந்தைய ஓராண்டில் கஞ்சாவின் ஏதேனும் ஒரு வடிவத்தைப் பயன்படுத்தியிருந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் பயன்படுத்தியது பாங்கு ஆகும். சட்டத்துக்குப் புறம்பான கஞ்சாவையும் சரசையும் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 1.3 கோடி.

வரலாறு

பிரித்தானிய இந்தியாவில் கஞ்சா, உரிமம் பெற்றோரால் விற்கப்பட்டு, அரசுக்கு வரி ஈட்டித் தந்த ஒரு பொருள். இதனை முழுதாகத் தடை செய்யவேண்டும் என்ற கோரிக்கை பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்ததை அடுத்து, 1893 இல் இந்தியக் கஞ்சாப் பொருட்கள் ஆணையம் அமைக்கப்பட்டது. மெக்வொர்த் யங் என்பவரைத் தலைவராகக் கொண்ட இவ்வாணையத்தின் ஏழு உறுப்பினர்களுள் மூவர் இந்தியர். ஆணையம் 1,193 சாட்சிகளிடம் கருத்துக் கேட்டு, 3,000 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை 1894 இல் அளித்தது. அளவான பயன்பாட்டால் பொதுவாகத் தீங்கு இல்லை, மிகையான பயன்பாடு தீங்கு தரும், முழுத் தடை தேவையற்றது, வரியும் உரிமமும் கொண்டு கட்டுப்படுத்துவதே தக்கது என்பன அதன் முடிவுகள்.

மனநோய் இல்லங்களின் பதிவேடுகளில் "காரணம்: கஞ்சா" என்று எழுதப்பட்டிருந்தவற்றை ஆணையம் மீண்டும் ஆராய்ந்து, அப்பதிவுகளை நம்ப இயலாது என்று கண்டது இவ்வறிக்கையின் பயனுள்ள பகுதி எனலாம். நோயாளியின் முன்வரலாறு தெரியாதபோது, அந்தக் கட்டத்தை நிரப்பக் கஞ்சா எளிய விடையாக இருந்திருக்கின்றது.

1961 இல் ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருட்களுக்கான ஒற்றை உடன்படிக்கை உருவானது. கஞ்சா அதில் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய பொருளாகச் சேர்க்கப்பட்டது. மரபாகக் கஞ்சா பயன்படுத்தப்பட்டு வந்த நாடுகளுக்கு இரண்டு விலக்குகள் கிடைத்தன. முதலாவது, "கஞ்சா" என்பதற்கான வரைவிலக்கணத்தில் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள் மட்டுமே இடம்பெற்றன. அந்நுனிகளோடு சேராத இலையும் விதையும் விடப்பட்டன. இரண்டாவது, மருத்துவம் சாராப் பயன்பாட்டை நிறுத்துவதற்கு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 25 ஆண்டுகள் கெடு தரப்பட்டது. உடன்படிக்கை 1964 திசம்பரில் நடைமுறைக்கு வந்தமையால் அக்கெடு 1989 இல் முடிவதாக இருந்தது. 1985 சட்டம் அமெரிக்க அழுத்தத்தால் மட்டுமே வந்தது என்று அடிக்கடி எழுதப்படுகின்றது. அவ்வாறு எழுதுவோர் இந்தக் கெடுவைக் கணக்கில் எடுப்பதில்லை.

சட்ட முன்வரைவு 1985 ஆகத்து 23 இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு, செப்டெம்பர் 16 இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. நவம்பர் 14 இல் நடைமுறைக்கு வந்தது. நூற்றாண்டுக்கும் மேலாக வரி கட்டி விற்கப்பட்ட ஒரு பொருளின் நிலை மாறுவதற்கு மூன்று மாதங்கள் கூட ஆகவில்லை.

சட்டம் கூறுவது

சட்டத்தின் 2 ஆம் பிரிவு மூன்று பொருட்களைக் கஞ்சா வகையுள் அடக்குகின்றது. செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பிசின் சரசு எனப்படும். பூக்கும் அல்லது காய்க்கும் நுனி கஞ்சா எனப்படும். இவற்றைக் கலந்து செய்யப்பட்ட கலவை அல்லது பானம் மூன்றாவது வகை. இலையை அரைத்துச் செய்யப்படும் பாங்கு இவ்விலக்கணத்தினுள் வருவதில்லை. எனவே அது மாநில ஆயத்தீர்வைச் சட்டங்களைச் சார்ந்துள்ளது. இராசத்தான், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் உள்ளன. பாங்கு இச்சட்டத்தின் கீழ் வராது என்பதைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 இல் ஒரு பிணை வழக்கில் மீண்டும் கூறியது.

தண்டனைகள் 20 ஆம் பிரிவில் உள்ளன. 2001 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர் தண்டனை, கைப்பற்றப்பட்ட பொருளின் எடையைப் பொறுத்தது. கஞ்சாவுக்கு 1 கிலோகிராம் வரை "சிறு அளவு", 20 கிலோகிராமுக்கு மேல் "வணிக அளவு" ஆகும். சரசுக்கு இவை முறையே 100 கிராம், 1 கிலோகிராம். சிறு அளவுக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 உருபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் உருபாய் வரை அபராதமும் உண்டு. வணிக அளவுக்குக் குறைந்தது பத்தாண்டு, கூடியது இருபதாண்டு. நீதிபதி விரும்பினாலும் பத்தாண்டுக்குக் கீழே இறங்க இயலாது. உட்கொண்டமைக்காக மட்டும் 27 ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறையோ 10,000 உருபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

போதைக்கு அடிமையான ஒருவர் தாமே முன்வந்து அரசு ஏற்ற நிலையத்தில் மருத்துவம் பெற்றால், சிறு அளவு வழக்கிலிருந்து விலக்குப் பெற 64அ பிரிவு இடமளிக்கின்றது. மருத்துவத்தை இடையில் கைவிட்டால் இவ்விலக்கு மீளப் பெறப்படலாம். வழக்கில் சிக்கிய இளைஞர்களின் குடும்பங்களுள் பல, இப்படி ஒரு பிரிவு இருப்பதையே அறிவதில்லை.

பிணையும் மெய்ப்பிக்கும் பொறுப்பும்

எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 37 ஆம் பிரிவு விடை தரும். வணிக அளவு வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் உண்டு எனவும், பிணையில் இருக்கும்போது அவர் குற்றம் எதுவும் செய்யமாட்டார் எனவும் நீதிமன்றம் நிறைவடைந்தால் மட்டுமே பிணை கிடைக்கும். சாட்சிகள் விசாரிக்கப்படும் முன்னரே இப்படி ஒரு முடிவுக்கு வருவது எளிதன்று. இதற்கு மேல், வைத்திருந்த பொருள் பற்றிக் குற்ற எண்ணம் இருந்ததாகவே சட்டம் முதலில் கொள்ளும். இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. குற்றப் பத்திரிகை தாக்கல் செய்யக் காவல் துறைக்கு உள்ள காலமும் 180 நாட்களாக நீள்கின்றது. ஆகவே 19 கிலோவுக்கும் 21 கிலோவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, சில கிழமைகளில் வீடு திரும்புவதற்கும் பல ஆண்டுகள் விசாரணைக் கைதியாக இருப்பதற்கும் உள்ள வேறுபாடாகிவிடலாம்.

2020 ஏப்ரலில் இரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தூய போதைப்பொருளின் எடையை மட்டுமன்றி அதனோடு கலந்துள்ள பிற பொருட்களின் எடையையும் சேர்த்தே அளவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கஞ்சா வழக்குகளில் இலை, தண்டு, விதை ஆகியவற்றையும் சேர்த்து நிறுத்தது சரியா என்ற வாதம் உயர் நீதிமன்றங்களில் தொடர்ந்து எழுகின்றது.

அதே ஆண்டு அக்டோபரில் தூபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் 67 ஆம் பிரிவின் கீழ் அளிக்கப்படும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொண்டு தண்டிக்க இயலாது என்று இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதுவரை பல வழக்குகள் அவ்வாக்குமூலத்தையே தூணாகக் கொண்டு நின்றன. 2023 மார்ச்சில், கஞ்சா வழக்கொன்றில் ஏழாண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாக இருந்த ஒருவருக்கு, அளவுக்கு மீறிய தாமதத்தைக் காரணமாகக் கொண்டு 37 ஆம் பிரிவையும் தாண்டி உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியது.

2014 ஆம் ஆண்டின் பிழை

இச்சட்டத்தின் வரலாற்றில் மென்பொருள் எழுதுவோருக்கு உடனே விளங்கக்கூடிய ஒரு நிகழ்வு உண்டு. கள்ளக் கடத்தலுக்கு நிதி வழங்குவோரையும் குற்றவாளிகளுக்கு அடைக்கலம் தருவோரையும் தண்டிப்பது 27அ பிரிவு. தண்டனை பத்து முதல் இருபதாண்டு. எவை கள்ளக் கடத்தல் என்பதை அப்பிரிவு தானே கூறாமல், 2 ஆம் பிரிவின் ஒரு கூற்றை அதன் எண்ணால் சுட்டியது. 2014 திருத்தம், நோவு தணிக்கும் மார்பின் போன்ற மருந்துகள் நோயாளிகளுக்கு எளிதில் கிடைக்கும்பொருட்டு "இன்றியமையாப் போதை மருந்துகள்" என்ற புதிய கூற்றை அதே எண்ணில் செருகியது. பழைய கூற்று அடுத்த எண்ணுக்குத் தள்ளப்பட்டது. ஆனால் 27அ பிரிவில் இருந்த சுட்டு மாற்றப்படவில்லை. ஏறத்தாழ ஏழாண்டுகள் அப்பிரிவு தொடர்பற்ற ஓர் இடத்தைச் சுட்டிக்கொண்டிருந்தது.

திரிபுராவில் நடந்த ஒரு வழக்கில் இது வெளிப்பட்டது. சட்டத்தைத் திருத்துமாறு 2021 இல் திரிபுரா உயர் நீதிமன்றம் நடுவண் அரசைப் பணித்தது. செப்டெம்பர் 30 இல் அவசரச் சட்டமும், திசம்பரில் திருத்தச் சட்டமும் வந்தன. திருத்தம் 2014 மே 1 இலிருந்தே நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்படும் என்று அதில் எழுதப்பட்டது. செயல் நடந்தபோது குற்றமாக இல்லாத ஒன்றுக்காக யாரையும் தண்டிக்கலாகாது என்னும் அரசியலமைப்பின் 20 ஆம் உறுப்புக்கு இது முரணாகும் என நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் வாதிட்டனர். இது எழுத்துப்பிழைத் திருத்தமே, புதிய குற்றம் எதுவும் உருவாக்கப்படவில்லை என்பது அரசின் மறுமொழி.

மருந்தும் நாரும்

2020 திசம்பர் 2 இல் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம், உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரையை ஏற்று, 1961 உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. ஆதரவு 27, எதிர்ப்பு 25, ஒரு நாடு வாக்களிக்கவில்லை. ஆதரித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. இதனால் கஞ்சா சட்டபூர்வமாகிவிட்டதாகச் சில இதழ்கள் எழுதியது பிழை. முதலாம் பட்டியலில் அது தொடர்கின்றது. இந்தியச் சட்டத்திலும் இதனால் மாற்றம் எதுவும் வரவில்லை.

இந்திய மருத்துவ முறைகளில் கஞ்சாவுக்கு இடம் உண்டு. ஆயுர்வேதத்தில் விசயா என்ற பெயரில் வழங்கும் இது, மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்ட விதிகளில் மருத்துவ மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ள வேண்டிய நச்சுப்பொருட்களின் பட்டியலில் உள்ளது. சித்த மருத்துவத்துக்கான பட்டியலிலும் கஞ்சா உண்டு. 2021 இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி.யின் அளவுக்கு வரம்பு விதித்து, கஞ்சா விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்க இசைந்தது.

நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட 14 ஆம் பிரிவு அரசுக்கு இடமளிக்கின்றது. முப்பதாண்டுகளுக்கு மேல் பெரிதும் பயன்படாமல் கிடந்த இப்பிரிவைக் கொண்டு 2018 இல் உத்தராகண்டம் முதலாவதாக வணிக உரிமம் வழங்கியது. டி.எச்.சி. 0.3 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது என்பது நிபந்தனை. நடைமுறையில் இது கடினம். மலைப்பகுதிகளில் தானே வளரும் கஞ்சாவின் மகரந்தம் காற்றில் பரவக்கூடியது. ஆகவே ஒரு பருவத்தில் வரம்புக்குள் இருந்த பயிர் அடுத்த பருவத்தில் வரம்பை மீறலாம். விதையின் தரத்துக்குப் பொறுப்பேற்பார் இல்லாதவரை அந்த இடரை உழவரே சுமக்க வேண்டியுள்ளது.

சரசுக்குப் பெயர்போன மலாணா சிற்றூர் அமைந்துள்ள இமாச்சலப் பிரதேசத்தில், வருவாய்த் துறை அமைச்சர் செகத் சிங் நேகி தலைமையிலான குழுவின் அறிக்கையைச் சட்டமன்றம் 2024 செப்டெம்பரில் ஏற்றது. 2025 சனவரியில் பாலம்பூர், நௌனி வேளாண் பல்கலைக்கழகங்களைக் கொண்டு முன்னோட்ட ஆய்வு நடத்த அமைச்சரவை இசைந்தது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் பிடிபடும் கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திர-ஒடிசா எல்லை மலைப்பகுதிகளில் விளைவது. அங்கிருந்து தொடர்வண்டியிலும் சாலை வழியாகவும் அது வருகின்றது. 2021 திசம்பரிலிருந்து மாநிலக் காவல் துறை "கஞ்சா வேட்டை" என்ற பெயரில் தொடர் நடவடிக்கைகளை மேற்கொண்டு, குற்றம் சாட்டப்பட்டோரின் வங்கிக் கணக்குகளையும் முடக்கியது. பொதுவாகக் குண்டர் சட்டம் எனப்படும் 1982 ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் போதைப்பொருள் குற்றவாளிகளுக்குப் பொருந்தும். அதன்படி ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை தடுத்து வைக்கலாம். ஒரு பகுதி கடல் வழியாக இலங்கையின் வட கரைக்குக் கடத்தப்படுகின்றது. எங்கு விளைந்ததாயினும் அங்கு அதற்குக் "கேரளக் கஞ்சா" என்றே பெயர்.

கைப்பற்றிய பொருளைப் பாதுகாப்பதும் எளிதாக இல்லை. நீதித்துறை நடுவரின் முன்னிலையில் மாதிரி எடுத்து, எஞ்சியதை விரைவில் அழிக்க 52அ பிரிவு வழிசெய்கின்றது. இதற்கான விரிவான விதிகள் 2022 திசம்பரில் அரசிதழில் வெளியாயின. 2023 சூலையில் சென்னையில் ஒரு வழக்கில், ஏறத்தாழ 22 கிலோகிராம் கஞ்சாவில் மாதிரி தவிர எஞ்சியதை எலிகள் தின்றுவிட்டன என்று காவல் துறை தெரிவித்ததை அடுத்து, குற்றம் சாட்டப்பட்ட இருவரும் விடுவிக்கப்பட்டனர்.