‘ராதிகா சாந்த்வனம்’: ஒரு காவியம் ஆபாசமான கதை

18-ஆம் நூற்றாண்டில், பிரதாபசிம்மர் (ஆட்சி 1739–1763) காலத்துத் தஞ்சை மராத்திய அரசவையில் முத்துப்பழனி என்ற கணிகைக் கவிஞர் தெலுங்கில் இயற்றிய காவியம் ‘ராதிகா சாந்த்வனம்’. நாயக்கர் காலத்தில் வேரூன்றிய தெலுங்கு, மராத்தியர் ஆட்சியிலும் தஞ்சையில் இலக்கிய மொழியாகத் தொடர்ந்தது. காவியத்தின் கதையில், தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்கு மணமுடித்துவைக்கிறாள் ராதை. பின்னர் பொறாமையில் வெந்து ஊடுகிறாள். கண்ணன் அவள் ஊடலைத் தணிக்கிறான். ஆண் கவிஞர்கள் சிருங்காரம் பாடுவது அன்று வழக்கமே. இந்நூலிலோ ஆசையை வெளிப்படையாகக் கேட்பவளும் கலவியில் முந்துபவளும் ராதை. முத்துப்பழனி நூல் முகப்பில் தன் பாட்டி முதலான குலப் பெண்களையும் தன் புலமையையும் பெருமையோடு குறிப்பிடுகிறார். குடும்பப் பெண்களுக்கு எட்டாத கல்வியும் சொத்தும் அரசவை மதிப்பும் கணிகையருக்கு வாய்த்திருந்ததால்தான் அந்தக் குரல் எழ முடிந்தது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த உலகம் குலைந்தது. அரசவைகள் மறைந்தன, ஆங்கிலக் கல்வி பெற்ற நடுத்தர வகுப்பு, விக்டோரிய ஒழுக்கத்தைத் தன் அளவுகோலாக்கிக்கொண்டது. கணிகையர் ஆடிய சதிர் நடனக் கச்சேரிகளுக்கு எதிராக இயக்கம் எழுந்தது. அதில் முன்னின்ற சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம், விதவை மறுமணத்துக்காகப் போராடியவர். அவரே முத்துப்பழனியின் ஒழுக்கத்தைப் பழித்து, பெண் பாடத் தகாதவை அவர் பாடல்கள் என்று எழுதினார். பெண்களுக்காக உழைத்தவருக்கே பெண்ணின் காமம் பொறுக்கவில்லை என்பது அந்தச் சீர்திருத்தத்தின் எல்லையைக் காட்டுகிறது.

1910-இல் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் இந்நூலை முழுமையாகப் பதிப்பித்தார். வெட்கம் பெண்ணுக்கு மட்டுமா, ஆணுக்குக் கிடையாதா என்பது முன்னுரையில் அவர் எழுப்பிய கேள்வி. வீரேசலிங்கம் பிழைதிருத்தி வெளியிட ஒப்பிய நூலிலேயே இதைவிட வெளிப்படையான வருணனைகள் இருப்பதையும் சுட்டினார். நேர்மையான வாதம் அது. நேரான பதில் வரவில்லை. 1911-இல் அரசு நூலை ஆபாசமென அறிவித்துப் பிரதிகளைப் பறிமுதல் செய்தது.

சென்னை மாகாணத்தில் பிரகாசம் முதலமைச்சராக இருந்தபோது, 1947-இல் தடை நீங்கியது. கோயில்களில் பெண்களுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசியாக்குவதைத் தடுக்கும் சட்டம் அங்கே நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். சிறுமிகளின் வாழ்வைப் பலியிட்ட வழக்கத்துக்கு அது முடிவுகட்டியது. சதிரோ அதற்கு முன்பே, 1930-களிலிருந்து, சிருங்காரம் மட்டுப்பட்டுப் பரதநாட்டியமாக உயர்சாதி வீடுகளுக்குள் நுழைந்திருந்தது. காவியத்தின் மறுபதிப்பு 1952-இல் வந்தது. நாகரத்தினம்மாள் மறைந்ததும் அந்த ஆண்டில்தான்.