கண்டெய்னரின் விருப்ப அமைப்புகள்

மென்பொருள் கண்டெய்னரை இயக்கும் தானியக்க ஸ்கிரிப்டில், கொடுக்காவிட்டாலும் வேலை நடக்கும் அமைப்புகளை விருப்ப அமைப்புகள் என்பர். நினைவக வரம்பு, போர்ட், நேர மண்டலம் போன்றவை இவ்வகை.

"தரப்படவில்லை", "வெறுமையாகத் தரப்பட்டது", "பூஜ்யம்" ஆகிய மூன்றையும் ஒன்றாக எண்ணுவதே பெரும்பாலான தவறுகளுக்கு வேர். கண்டெய்னர்களை இயக்கும் டாக்கரில் நினைவக வரம்பு பூஜ்யம் என்றால் வரம்பே இல்லை என்று பொருள். அப்படி விட்டால் ஒரே கண்டெய்னர் சர்வரின் நினைவகம் முழுவதையும் விழுங்கிவிடலாம்.

தானியக்கக் கருவியான ஆன்சிபிளில் 1.8 பதிப்பு (2014) முதல் 'ஒமிட்' என்னும் சிறப்பு மாறி உண்டு. மதிப்பு இல்லாதபோது அந்த அளவுருவையே அது நீக்கிவிடும். மற்றொரு கருவியான டெராஃபார்மில் 0.12 பதிப்பு (2019) முதல் 'நல்' இதே வேலையைச் செய்கிறது; 1.3 பதிப்பு (2022) 'ஆப்ஷனல்' வசதியை இயல்பு மதிப்போடு நிலைப்படுத்தியது. ஷெல் ஸ்கிரிப்டிலோ ஒரு முக்காற்புள்ளிதான் தீர்மானிக்கிறது: இயல்பு மதிப்புக்கான சிறு கோட்டுக்கு முன் அது இருந்தால் வெறுமையும் 'இல்லை' என்றே கொள்ளப்படும்.

நேர மண்டலத்தை விட்டுவிட்டால் பெரும்பாலான கண்டெய்னர் படிமங்கள் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடும். மலேசிய நேரம் 1982 முதல் அதைவிட 8 மணி முன்னே இருக்கிறது. மலேசியாவின் பத்து பெரண்டாமில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் காலை 7 மணிக்கு ஷிப்ட் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பதிவில் முந்தின நாள் இரவு 11 மணி என்று விழும். ஆகவே மற்றதை விட்டாலும் நேர மண்டலமாக 'ஏசியா/கோலாலம்பூர்' என்பதை எழுதிவிடுங்கள். ஆல்பைன் லினக்ஸ் படிமமானால் நேர மண்டலத் தரவுத் தொகுப்பையும் நிறுவ வேண்டும்; அது இல்லாமல் எழுதியது எடுபடாது.