ஆண்டு நீக்கப்பட்ட கிளர்ச்சி: ‘கேப்டன் பிளட்’ புதினமும் ‘ஆயிரத்தில் ஒருவன்’ திரைப்படமும்

இத்தாலியில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய ரஃபேல் சபாட்டினியின் ‘கேப்டன் பிளட்’ (1922) புதினம், 1685ஆம் ஆண்டின் மான்மவுத் கிளர்ச்சியில் தொடங்குகிறது. காயமுற்ற கிளர்ச்சியாளனுக்கு மருத்துவம் செய்த பீட்டர் பிளட், அரசத்துரோகியெனத் தண்டிக்கப்பட்டுப் பார்படாஸ் தீவில் அடிமையாக விற்கப்படுகிறான், தப்பிக் கடற்கொள்ளையனாகிறான். இது முழுக் கற்பனையன்று. அக்கிளர்ச்சிக்காகப் பார்படாசுக்கு அனுப்பப்பட்டுத் தப்பிய அறுவை மருத்துவர் ஹென்றி பிட்மன், தம் துயரங்களை 1689இல் நூலாக்கியிருந்தார். எரால் ஃபிளின் நடிக்க மைக்கேல் கர்டிஸ் இயக்கிய 1935ஆம் ஆண்டுப் படமும் இவ்வரலாற்றுப் பின்னணியைக் கைவிடவில்லை.

பி. ஆர். பந்துலுவின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) கதையமைப்பை ஏற்று, ஆண்டை நீக்கியது. மருத்துவன் மணிமாறன் (எம்.ஜி.ஆர்.) நெய்தல் நாட்டினன், அடிமையாவது கன்னித்தீவில். இரங்கலை உரிப்பொருளாகக் கொண்ட திணையின் பெயர் கிளர்ச்சிக் களத்திற்கு வாய்த்தது சுவையான முரண். புதினத்தில் பிளட்டின் நிலையை மாற்றுவது 1688இன் அரசமாற்றம். கற்பனை நாட்டில் அத்தகைய புறவரலாற்றுக்கு இடமில்லை. விடுதலையின் சுமை முழுதும் நாயகன்மேல் விழுந்தது. எம்.ஜி.ஆரின் திரை ஆளுமைக்கு இம்மாற்றம் பெரிதும் பொருந்தியது. எனவே இப்படத்தை வெறும் நகலெனத் தள்ளுதல் தகாது.

எனினும் ஓர் இழப்பு உண்டு. தொலைதீவில் கட்டுண்டு உழைத்தல் தமிழர்க்குக் கற்பனையன்று. 1903 முதல் சென்னையிலிருந்து ஃபிஜித் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியோருள், திருநாவலூரை உள்ளடக்கிய அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தாரும் இருந்தனர். அவ்வொப்பந்தங்கள் 1920இல் நீக்கப்பட்டன. படம் வெளிவந்தபோது அதற்கு 45 ஆண்டுகளே ஆகியிருந்தன. கன்னித்தீவுக்கோ அவ்வரலாற்றின் பெயர் எதுவும் சூட்டப்படவில்லை.