விண்கப்பலுக்கு மருந்து செலுத்துவது யார்?

விண்வெளிப் பேரரசுக் கதைகளை நம் விமர்சனம் இதுவரை பொருட்படுத்தியதில்லை. சிறுவர் சமாச்சாரம், வணிகச் சரக்கு என்று ஒதுக்கிவிட்டோம். சுஜாதா எழுதியவற்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசுகிறோம், அதுவும் அவருடைய நடையைப் பற்றித்தான். இப்படி ஒதுக்கியதில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போயிற்று. 1947இலும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் பூமியில் கொடியை இறக்கிக்கொண்ட காலனியப் பேரரசு, கதையாடலில் எங்கே போய்க் குடியேறியது?

1950 ஏப்ரலில் லண்டனிலிருந்து ‘ஈகிள்’ என்ற சிறுவர் வார இதழ் வரத் தொடங்கியது. அதன் முதல் பக்க நாயகன் டான் டேர், படைத்தவர் ஃபிராங்க் ஹாம்ப்சன். பூமியில் உணவுத் தட்டுப்பாடு. உணவு தேடி வெள்ளிக் கிரகத்துக்குக் கப்பல் போகிறது. அங்கே மெக்கான் என்ற பெருந்தலைப் பச்சைத் தோல் சர்வாதிகாரி ட்ரீன் என்னும் இனத்தை வைத்து ஆண்டுகொண்டிருக்கிறான். அந்தக் கதை அச்சானபோது பிரிட்டனில் ரேஷன் நடந்துகொண்டிருந்தது, 1954 வரை அது முடியவில்லை. ஆக, சோற்றுக்கு வழி தேடி அடுத்தவன் மண்ணில் இறங்குகிறவன் நாயகன். ஏற்கெனவே அங்கே இருப்பவன் கொடுங்கோலன். மிளகு தேடி வந்தவர்களும் ஏறத்தாழ இதே கதையைத்தானே சொன்னார்கள்? 1952இல் தொடங்கிய ‘லயன்’ வார இதழின் முதல் எண்ணிலேயே கேப்டன் காண்டர் என்ற விண்வெளி வீரனும் ஆர்ச்சி என்ற இயந்திர மனிதனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒருவனுக்கு விண்வெளி, இன்னொருவனுக்குக் காடு. இரண்டும் ஒரே வரைபடத்தின் மிச்சம்.

அமெரிக்காவில் இது இன்னும் பச்சையாக நடந்தது. அலெக்ஸ் ரேமண்ட் 1934இல் தொடங்கிய ஃபிளாஷ் கார்டனில் மோங்கோ கிரகத்தின் சக்கரவர்த்திக்குப் பெயர் மிங். பெயர் சீன அரச வம்சத்துடையது. மீசையும் கண்ணும் அங்கியும் அந்தக் காலத்து மேற்கத்திய மனம் பயந்து வரைந்த ஆசியாவினுடையது. நம்ம ஊரில் இந்திரஜால் காமிக்ஸ் மூலம் ஃபிளாஷ் கார்டனைப் படித்தவர்கள், தங்கள் முகத்துக்குப் பக்கத்து முகம் ஒன்று வில்லனாக வரையப்பட்டிருப்பதை எப்படித் தாண்டிப் போனார்கள்? ஹெச். ஜி. வெல்ஸ் ஒருவர்தான் இந்த விஷயத்தில் நேர்மையானவர். 1898இல் நூலாக வந்த அவருடைய செவ்வாய்ப் படையெடுப்பு நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, டாஸ்மேனியர்களை நாம் என்ன செய்தோம் என்று ஆங்கிலேய வாசகனைக் கேட்கிறார். அவருக்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பேரரசு என்பது எப்போதுமே அடுத்தவனுடைய குற்றம்.

ஆங்கிலத்தில் வெளிநாட்டுப் பிரஜைக்கும் வேற்றுக்கிரகவாசிக்கும் ‘ஏலியன்’ என்று ஒரே சொல். தமிழில் அந்நியர் வேறு, வேற்றுக்கிரகவாசி வேறு. அந்நிய ஆட்சி என்றால் நமக்கு வெள்ளைக்காரன் ஆட்சி. மொழிபெயர்க்கும்போது இந்த ஒட்டுறவு அறுந்து போகிறது. சாத்தூரில் உட்கார்ந்து படிக்கிற பையன் கப்பலில் வந்து இறங்குகிறவன் பக்கம் நின்றுகொள்கிறான். கரையில் நிற்பவன் தன் கொள்ளுத்தாத்தனாக இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்ற அந்தப் பிரதியில் இடமே இல்லை.

இந்தக் கதைகள் தமிழில் சென்னையைவிடச் சிவகாசியிலிருந்து அதிகம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு லித்தோ அச்சு வேண்டும். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றதும் இங்கே பட்டாசு ஆலைகள் எழுந்தன, அதற்கும் லேபிள். பிறகு காலண்டர், டைரி. மருந்தும் அச்சும் இப்படி ஒரே கரிசல் மண்ணில் சேர்ந்து வளர்ந்தன. மழை இல்லாத வானம் இரண்டுக்குமே தோதாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார், ஆசிரியர் முல்லை தங்கராசன். 1984இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். லண்டன் ஃபிளீட்வே நிறுவனத்தின் நாயகர்கள் இவற்றின் வழியாகத் தமிழ் பேசினார்கள். இரும்புக்கை மாயாவியை வரைந்த ஹேசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர், எழுதிய கென் பல்மர் ஆங்கில அறிவியல் புனைகதைக்காரர். இவர்களுடைய பெயர் தெரியாமலே ஒரு தலைமுறை மாயாவியை எங்கள் ஊர்க்காரனாகவே நினைத்தது. பழைய புத்தகக் கடையில் பொறுக்கிச் சேர்த்துத்தான் நானும் படித்தேன், இப்போதும் கிடைத்தால் விடமாட்டேன். என் கேள்வி அந்த ருசியைப் பற்றியது அல்ல. ஆர்ச்சிக்குக் ‘கோட்டை’ என்றொரு கால இயந்திரம் உண்டு. நினைத்த நூற்றாண்டுக்குப் போகும், வரும். அதற்கு யார் எரிபொருள் போட்டார்கள்? எந்தக் கட்டத்திலாவது கரி படிந்த ஒரு கை தெரிகிறதா?

விண்கப்பலின் உண்மை வரலாற்றில் அந்தக் கை தெரியவே செய்கிறது. நாம் வாணவேடிக்கை என்கிறோம். வாணம் என்ற சொல் பாணத்திலிருந்து வந்தது, எய்யப்படுவது. மைசூர்ப் படை இந்த வாணத்தை இரும்புக் குழாய்க்குள் அடைத்தது. இரும்பு தாங்கும், அதனால் உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் தூரமும் கூடும். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை திப்புவிடமும் ஹைதரிடமும் தோற்றது. அன்று கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் அங்கே கிடைத்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் அதைச் சீர்படுத்தினார். 1807இல் கோபன்ஹேகன் எரிந்தது, 1814இல் அமெரிக்காவின் பால்டிமோர்க் கோட்டை மீது அதே ராக்கெட் பாய்ந்தது. பேர் மட்டும் காங்கிரீவ் ராக்கெட். அந்த இரும்பை அடித்த கொல்லன் பேரை யாரும் குறித்து வைக்கவில்லை. கர்நாடகத்தில் நகரா என்ற ஊரில் தூர்ந்த கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட் குழாய்களை 2018இல் தோண்டி எடுத்தார்கள். அந்த வேலையாட்கள் விட்டுப்போனது அவ்வளவுதான்.

அப்துல் கலாம் 1963இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்துக்குப் போனபோது வரவேற்புக் கூடத்தில் மைசூர் ராக்கெட் போர் ஓவியமாகத் தொங்குவதைப் பார்த்ததைத் தன் சுயசரிதையில் பெருமையோடு சொல்கிறார். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் தேசியப் பெருங்கதையாடல் அதோடு நிறுத்திக்கொள்கிறது. தும்பாவில் ஏவுதளம் வந்தபோது மீனவக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஸ்ரீஹரிகோட்டா தீவில் இருந்த ஏனாதிப் பழங்குடியினர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் வானத்துக்குப் போகிற கப்பலும் வானத்திலிருந்து வந்து இறங்கிய கப்பலும் வேறு வேறாகத் தெரிந்திருக்குமா? 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் அடிக்கல் நாட்டிய ஏவுதளத்துக்கு இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப்பட்டிருக்கிறது.

சிவகாசி ராக்கெட்டுக்கு வருகிறேன். காகிதக் குழாய், ஒரு முனையில் களிமண் அடைப்பு, நடுவில் துளை, வெடியுப்பு, கந்தகம், கரி, கீழே குச்சி. காங்கிரீவ் சீர்படுத்திய பொருளின் தத்துவம் மாறவில்லை, இரும்பு போய்க் காகிதம் வந்திருக்கிறது, அவ்வளவே. உச்சியில் வெடித்துச் சிதறும் வண்ணப் பொரிகளுக்கு இங்கே மணிமருந்து என்று பெயர். ஆங்கில வெடித்தொழிலில் அதே உருண்டைகளுக்கு ‘ஸ்டார்’ என்று பெயர். ஆகவே எங்கள் ஊரில் நட்சத்திரம் கையால் உருட்டப்படுகிறது. பச்சை நட்சத்திரத்துக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்டிரான்ஷியம். பேரியத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடை போட்டது, 2021இல் அதை மறுபடி வலியுறுத்தியது. ஆலைகளை ஆளும் மூலச் சட்டம் மட்டும் 1884இல் வெள்ளையர் போட்ட வெடிபொருள் சட்டம். பெரிய உரிமத்தை இன்றும் ‘நாக்பூர் லைசென்ஸ்’ என்றுதான் சொல்வார்கள், தலைமை அலுவலகம் அங்கே இருப்பதால்.

ராக்கெட் வேலைக்குப் போகிற எங்கள் தெரு அக்கா ஒருவரிடம், இது எவ்வளவு உயரம் போகும் என்று கேட்டேன். “மேல போறது நமக்கெதுக்குத் தம்பி? இன்னைக்கு எத்தன உருப்படி முடிஞ்சதுன்னு கேளு, அதுக்குத்தான் கூலி.” விண்வெளிப் பயணம் பற்றிய சொல்லாடலில் இந்த வாக்கியத்தை எங்கே வைப்பது என்று எனக்குக் கோட்பாட்டு நூல் எதுவும் சொல்லித்தரவில்லை.

சலம் பென்னுர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தீப்பெட்டி ஆலைகளில் வேலை செய்த விரல்கள் எந்த வயதுடையவை என்று. எம். சி. மேத்தா வழக்கு 1986ஆம் ஆண்டு மனு, 1996 டிசம்பர் 10 தீர்ப்பு. ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தப் பத்தாண்டும் லயன் காமிக்ஸ் வந்துகொண்டிருந்த பத்தாண்டுதான். பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன் ஆர்ச்சியோடு வேறு நூற்றாண்டுக்குப் போய் வருகிறான். அதே வயசுப் பையன் இன்னொருவன் அதே ஊரில், விடியுமுன் ஆலை வண்டியேறிப் போய்க் கட்டை அடுக்குகிறான். பத்திரிகை நடத்தியவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை; அவர்கள் எத்தனையோ பேருக்கு வாசிப்பைப் பழக்கியவர்கள். ஒரே ஊரில் இரண்டு குழந்தைமைகள் இருந்தன, எழுதப்பட்ட வரலாற்றில் ஒன்றுக்குத்தான் ஏக்கம் கலந்த நினைவுக் கட்டுரைகள் வருகின்றன என்கிறேன்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: நாற்பது பேர் அளவில் செத்தார்கள். அவர்களில் பலர் ஆலைக்காரர்களே இல்லை, முதல் சத்தம் கேட்டு உதவப் போனவர்களும் பார்க்கப் போனவர்களும். 2021 பிப்ரவரி, சாத்தூர் அருகே அச்சங்குளம்: இருபதுக்கும் மேல். ஒவ்வொரு முறையும் செய்தித்தாளில் ‘உராய்வு’ என்று ஒரு சொல் வரும். மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது என்பார்கள். உராய்வுக்கு எழுவாய் கிடையாது. அவசர ஆர்டர், உள்குத்தகை, அறைக்கு நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் கூடுதல் ஆட்கள், மரத்தடியில் நடக்கும் வேலை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். விபத்துப் பட்டியல்களை அறை அறையாக, எந்த வேலை நடந்தபோது, யார் குத்தகையில், எத்தனை பெண்கள் என்று பிரித்துத் தொகுக்கும் வேலையை இந்த மாவட்டத்து நண்பர்கள் சிலர் தொடங்கியிருக்கிறோம். மணிமருந்து அறைகளிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.